அமெரிக்கா ஆர்டரா, லண்டன் ஆர்டரா?

திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர்ப் பக்கம் முப்பது மெஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்துகிறார் எங்கள் மாமா. போன வாரம் போனபோது மேசையில் இரண்டு சாம்பிள் கிடந்தன, ஒன்று அமெரிக்காவுக்கு, ஒன்று லண்டனுக்கு. "ரெண்டுல எதைப் புடிக்கலாம், நீயே சொல்லு மாப்ள" என்றார்.

அளவைப் பார்த்தால் பேச்சே இல்லை, அமெரிக்காதான். திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கே போய்க்கொண்டிருந்தது. ஒரே டிசைன், ஒரே கலர், பெரிய எண்ணிக்கை. டெய்லருக்குக் கை பழகிவிட்டால் வேலை தானாக ஓடும். லண்டன்காரர் ஆறாயிரம் பீஸுக்கே நாலு கலர் கேட்கிறார். நாலு கலர் என்றால் சாயப்பட்டறையில் நாலு லாட், அவர் பார்த்து இந்த நிறம் சரி என்று ஒப்புக்கொள்ளும் ஷேடு அப்ரூவலும் நாலு. மண்டை காயும்.

சரி, வரிக்கு வருவோம். 2025 ஆகஸ்ட் 7-ல் நம் நாட்டுச் சரக்குக்கு அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் இறக்குமதி வரி போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி 27-ஆம் தேதி இன்னொரு 25. பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கனவே 16.5 சதவீதம் உண்டு. இது அதற்கும் மேலே. கணக்குக்காக 4 டாலர் சட்டை என்று வையுங்கள். 66 சென்ட் கட்டிக்கொண்டிருந்த பையர், அதாவது சரக்கை வாங்கும் அமெரிக்கக் கம்பெனி, 2 டாலர் 66 சென்ட் கட்ட வேண்டியதாயிற்று. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது கூடுதல் வரி 20 தான். வரி கட்டுவது பையர்தானே, நமக்கென்ன என்று கேட்டால், பாதியை விலையில் குறை என்று அன்றைக்கே மெயில் வந்துவிடும். பீஸுக்குச் சில ரூபாய் நின்றாலே பெரிது என்கிற தொழிலில் எதைக் குறைப்பது?

அமெரிக்கப் பஞ்சு போட்டால் தப்பலாம் என்று ஒரு பேச்சு ஓடியது. மதிப்பில் 20 சதவீதமாவது அமெரிக்கப் பொருள் இருந்தால், அந்தப் பங்குக்கு முதல் 25 கிடையாது. பஞ்சு மீதிருந்த 11 சதவீத இறக்குமதி வரியையும் நம் அரசு 2025 டிசம்பர் வரை எடுத்துவிட்டது. ஆனால் 4 டாலரில் 20 சதவீதம் என்றால் 80 சென்ட். ஒரு சட்டைக்குக் கால் கிலோ பஞ்சுகூட ஆகாது, அதன் விலை 80 சென்டைத் தொடவே தொடாது.

வரி ஏறியதில் அமெரிக்காவுக்குப் போகாமல் தங்கிப்போன சரக்கை மாமா காதர்பேட்டைக்கு, திருப்பூரின் உள்ளூர் பனியன் சந்தைக்கு, கொண்டுபோனார். வியாபாரி ஒரு பீஸை உதறித் தன் மேல் வைத்துப் பார்த்தார். முழங்காலைத் தொட்டது. "ஏனுங்க, இந்த சைசுக்கு நம்மூர்ல ஆளு எங்கீங்க?"

லண்டன் பக்கம் சந்தை சிறிசுதான். குளிர்காலத்தில் அவர்கள் கேட்கும் செயற்கை நூல் துணியில் நாம் பலவீனம். நம் கை பருத்தியில்தான் ஓடும். ஆனால் இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலை 24-ல் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தப்படி, ஆயத்த ஆடைக்கு 12 சதவீதம் வரை இருந்த வரி பூஜ்யமாகிறது. வங்கதேசத்துக்கு அங்கே முன்பே வரி இல்லை, அதனால் நாம் முந்தவில்லை, சமமாகிறோம். அதுவே பெரிசு. இரண்டு அரசுகள் கையெழுத்துப் போட்டதை ஒரு ராத்திரியில் ஒருவர் மட்டும் மாற்றிவிட முடியாது.

நூல் வாங்கி, நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங் முடிந்து கன்டெய்னர் தூத்துக்குடி போய்ச் சேர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அமெரிக்க வரி 25-லிருந்து 50 ஆக எடுத்துக்கொண்டது 20 நாள். அப்புறம் அது இறங்கினாலும், நூல் வாங்கும் அன்று இருந்த வரி கப்பல் ஏறும் அன்றும் இருக்குமா என்பதுதான் என் கேள்வி. முப்பது மெஷின்காரர் அந்தச் சூதாட்டம் ஆட முடியாது. வரி ஏறினாலும் விலையைத் தொட மாட்டேன் என்று அமெரிக்கப் பையர் எழுதிக் கொடுத்தால் மட்டும், மெஷினில் கால்வாசியை ஒதுக்கலாம்.

சொன்னேன். மாமா லண்டன் சாம்பிளை எடுத்து என் மடியில் போட்டார்.

"அப்ப நாலு ஷேடுக்கும் சாயப்பட்டறைக்கு நீயே போய்ட்டு வந்துரு மாப்ள."