கலக்க முடியாத வண்ணங்கள்: செம்புத் தகட்டில் எனாமலோடு எட்டு ஆண்டுகள்

எனாமல் என்றவுடன் நம் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது, கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிப்பதற்காக ஹார்டுவேர் கடையில் டப்பாவில் விற்கும் பெயிண்ட்தான். நான் எழுதப்போவது வேறோர் எனாமலைப் பற்றி. கண்ணாடியைத் தூளாக்கி, உலோகத் தகட்டின் மேல் பரப்பி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் முறை இது. ஓவியக் கண்காட்சிகளின் விவரச் சீட்டுகளும் இந்தக் குழப்பத்தை வளர்க்கவே செய்கின்றன. கேன்வாஸில் எனாமல் என்று எழுதியிருந்தால் அது டப்பா பெயிண்ட்; செம்பில் எனாமல் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் சூளை கண்ட கண்ணாடி.

பல ஆண்டுகள் எண்ணெய் வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்த நான், எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, உள்ளே ஒரு சாண் அகலம்கூட இல்லாத சிறிய மின்சூளை ஒன்றை வாங்கினேன். 15 ஆம்பியர் பிளக்கில் ஓடும் அந்தச் சூளைதான் என் ஓவியங்களின் அளவை இன்றுவரை தீர்மானிக்கிறது. பெரிய படம் வேண்டுமென்றால் சிறு தகடுகளைத் தனித்தனியே சுட்டு, ஓடு பதிப்பதுபோல் பலகையில் பொருத்த வேண்டும். ஆனால் என்னை உண்மையில் திணறடித்தது அளவு அன்று; முதல் மாதத்திலேயே தெரியவந்த வேறொரு விஷயம்.

இந்த வண்ணங்கள் கலப்பதில்லை. எண்ணெய் வண்ணத்தில் நீலத்தோடு மஞ்சளைக் குழைத்தால் பச்சை வரும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஒளிபுகா எனாமலில் நீலத் தூளையும் மஞ்சள் தூளையும் கலந்து சுட்டால், எள்ளும் அரிசியும் கலந்து கொட்டியதுபோல் நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒவ்வொரு துகளும் தனியொரு கண்ணாடித் துண்டு. சூட்டில் அது உருகி அண்டைத் துகளோடு ஒட்டுமே தவிர, நிறத்தை விட்டுக்கொடுக்காது. பச்சை வேண்டுமென்றால் பச்சையாகவே உருக்கி அரைத்த தூளை வாங்கித்தான் ஆக வேண்டும். தட்டில் வண்ணம் குழைத்தே பழகிய கைக்கு இது பெரிய தண்டனை. முதல் ஓராண்டில் நான் செய்தவை எல்லாம், எண்ணெய் ஓவியத்தை எனாமலில் நகலெடுக்க முயன்ற தோல்விகள். அவற்றுள் இரண்டை மட்டும் வைத்திருக்கிறேன்.

மாற்றம் வந்தது ஒளி ஊடுருவும் எனாமல்களைக் கையில் எடுத்த பிறகுதான். அவற்றில் கலவை பக்கவாட்டில் நிகழாமல் ஆழத்தில் நிகழ்கிறது: மஞ்சளைச் சுட்டு, அதன் மேல் மெல்லிய நீலத்தைச் சுட்டால், இரண்டையும் கடந்து உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி பச்சையாக வெளியே வருகிறது. அடியில் இருப்பதையும் கண்ணாடி மறைப்பதில்லை. நிறமற்ற எனாமலை வெறும் செம்பின் மேல் சுட்டால் பொன்னும் ரோஜாவும் கலந்த ஒரு நிறம் கிடைக்கிறது. அதே இடத்தில் வெள்ளித் தாள் ஒட்டி, காற்று வெளியேற ஊசியால் சிறு துளைகளிட்டு, மேலே நீலத்தைச் சுட்டால், நீலத்துக்குப் பின்னால் விளக்கு வைத்ததுபோல் இருக்கிறது. இதற்குத் தூளை நீரில் அலசி, அரிசி களைந்த தண்ணீர்போல் மேலே நிற்கும் மிக நுண்ணிய மாவை இறுத்துவிட வேண்டும்; அலசாத தூள் சுட்ட பின் மூடுபனியாகத் தெரியும். சென்னைக் காற்றின் ஈரத்தில் ஓராண்டுக்கு மேல் இருந்த தூள்களுக்கு இந்த அலசல் கட்டாயம் என்று கண்டுகொண்டேன்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தகட்டை அமிலத்தில் இட்டுத் தேய்த்துக் கழுவிய பின், தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் ஏடுபோல் பரவி நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விட்டது என்று பொருள். தூளைச் சல்லடையால் தூவியோ நனைத்துத் தூரிகையால் வைத்தோ, முழுவதும் காயவிட வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் அது ஆவியாகும்போது தூளைத் தூக்கி எறிந்துவிடும். சூளைக்குள் இருப்பது இரண்டு மூன்று நிமிடங்கள்தான். முதலில் சர்க்கரை தூவியதுபோலவும், பிறகு ஆரஞ்சுத் தோல்போலவும், கடைசியில் வழவழப்பாகவும் மேற்பரப்பு மாறுவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அரை நிமிடம் பிந்தினால் காட்மியம் சேர்ந்த சிவப்பு கறுத்துவிடும்.

பின்பக்கத்தை மறந்தவர்கள் எல்லோரும் ஒரே பாடத்தைத்தான் படிக்கிறார்கள். குளிரும்போது செம்பு கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்குவதால், ஒரு பக்கம் மட்டும் பூசிய தகடு பூசிய பக்கமாகப் புடைத்து வளைகிறது. கண்ணாடி விரிசல்விட்டுச் செதில் செதிலாகத் தெறிக்கிறது. ஆகவே யாரும் பார்க்காத முதுகுக்கும் அதே அளவு பூச்சு வேண்டும். ஒருமுறை முன்பக்கத்தில் அடுக்குகளை ஏற்றிக்கொண்டே போய், பின்பூச்சை மெல்லியதாக விட்டுவிட்டேன். சூளையிலிருந்து நலமாக வந்த அந்தத் தகடு, மூன்றாம் நாள் இரவு அலமாரியில் தானாகவே 'டிக்' என்று விரிந்தது.

இன்னொரு விபத்து எனக்கு வேதியியல் கற்றுக்கொடுத்தது. கோடுகளுக்காகத் தூய வெள்ளிக் கம்பியை வளைத்து வைத்துச் சுட்டேன். வெள்ளி உருக 961 டிகிரியும் செம்பு உருக 1,085 டிகிரியும் தேவை என்பதால் 800 டிகிரியில் கவலையில்லை என்று நம்பியிருந்தேன். ஆனால் இரண்டும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால், தொடும் இடத்தில் உண்டாகும் கலவை 780 டிகிரியிலேயே உருகிவிடும். அடியில் இருந்த எனாமல் மெலிதாக இருந்ததால் கம்பி அதில் அமிழ்ந்து செம்பைத் தொட்டது. மீன் வரைந்த இடத்தில் கறுத்த குழிதான் மிஞ்சியது.

இது ஓவிய ஊடகமா, நகைத் தொழிலின் நீட்சியா என்று கேட்பவர்கள் உண்டு. 1923-இல் ஹங்கேரியக் கலைஞர் லாஸ்லோ மொஹோலி-நாகி ஒரே வடிவமைப்பை மூன்று அளவுகளில் எஃகில் எனாமலாகத் தொழிற்சாலையில் செய்யவைத்தார். 1960-களில் அமெரிக்க பாப் ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் வெடிப்புக் காட்சிகளுக்கு அதே எஃகு எனாமலைத் தேர்ந்தெடுத்தார். பெயர்ப்பலகைபோல் தட்டையான, கையின் தடம் தெரியாத நிறமே இருவருக்கும் தேவைப்பட்டது. அமெரிக்க எனாமல் கலைஞர் ஜூன் ஷ்வார்ட்ஸ் (1918–2015) போன வழி வேறு: மெல்லிய செம்புத் தாளை மடித்துக் கலமாக்கி, மின்முலாம் பூசி உறுதியாக்கி, அதன் சுருக்கங்களின் மேல் ஒளி ஊடுருவும் எனாமலை ஓடவிட்டார். அவருடைய கலங்களில் எதையும் ஊற்றி வைக்க முடியாது. பார்க்க மட்டுமே முடியும். நமக்குப் பக்கத்தில், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் பயின்று பெங்களூரில் பணியாற்றிய பாலன் நம்பியார் இருக்கிறார். இத்தாலியின் பதுவா நகரத்து எனாமல் கலைஞர் பாவ்லோ தே போலி அவருடைய மாமனார். அந்த வழியில் வந்த செம்பு எனாமலில் நம்பியார் கேரளச் சடங்கு வடிவங்களைத் தீட்டினார். என் மனம் இந்த இரண்டாம் வழியிலேயே நிற்கிறது. தட்டையான நிறம்தான் வேண்டுமென்றால் அக்ரிலிக்கே போதும்; இவ்வளவு மின்கட்டணம் எதற்கு?

நீடிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஜன்னலோரம் எட்டு ஆண்டுகள் வெயில் பட்ட தகட்டையும், பெட்டிக்குள் வைத்திருந்த அதன் இணையையும் ஒப்பிட்டேன். நிறத்தில் வேறுபாடு காணவில்லை. வெயிலால் ஒன்றும் செய்ய முடியாத இதைப் புளி கெடுத்துவிட்டது. விளிம்புச் செம்பு கறுத்திருக்கிறதே என்று அம்மா நல்லெண்ணத்தோடு, குத்துவிளக்குக்குப் போடுவதுபோல், ஒரு தகட்டுக்குப் புளி பூசி இரவெல்லாம் ஊறவைத்துவிட்டார். அமிலம் தாங்காத ஈய எனாமல் என்பதால் அந்தப் பச்சையின் பளபளப்பு போய்விட்டது. மெல்லிய நிறமற்ற பூச்சிட்டு மறுபடி சுட்டபோது பாதி திரும்பியது. கைதவறித் தரையில் விழுந்து மூலை உடைந்தவை நான்கு. சட்டத்துக்குள் பதித்து மாட்டியவற்றில் ஒன்றுகூடச் சேதமாகவில்லை.

பழைய தூள்களில் ஈயம் உண்டு. ஈயமில்லாதவை இப்போது கிடைக்கின்றன. எதுவானாலும் முகக்கவசம் இல்லாமல் சல்லடையைத் தொடுவதில்லை. சூளையைச் சமையலறையில் வைப்பதில்லை. கோடையில் மின்னழுத்தம் இறங்கும் மாலைகளில் சூடு ஏற வழக்கத்தைவிட இரட்டிப்பு நேரம் ஆவதால், அந்த மாதங்களில் அதிகாலையில்தான் சுடுகிறேன்.

தொடங்க விரும்புவோர் நாற்பது வண்ணங்களை வாங்க வேண்டாம். ஒளி ஊடுருவும் நிறங்கள் ஐந்து, நிறமற்றது ஒன்று, வெள்ளை ஒன்று போதும். அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக, செம்பின் மீதும் வெள்ளித் தாளின் மீதும் சிறு தகடுகளில் சுட்டு, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் வரிசை எண்ணைக் குறித்துச் சுவரில் மாட்டுங்கள். என் சுவரில் இப்போது இருநூறுக்கு மேல் தொங்குகின்றன. புதிய படம் தொடங்கும்போது நான் முதலில் போய் நிற்பது அங்கேதான்.