அருளை மறுக்க முடியுமா? கத்தோலிக்கர், கால்வினியர், லுத்தரன்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

இறையருளை மனிதன் எதிர்த்து நிற்க முடியுமா என்று கேட்டால், புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்துக் கத்தோலிக்கரும் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையினரும் ‘முடியும்’ என்றே சொல்வார்கள். பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதியான கால்வினின் போதனையை ஏற்பவரும் அதை அப்படியே மறுப்பதில்லை. ‘பரிசுத்த ஆவிக்கு எப்பொழுதும் எதிர்த்து நிற்கிறீர்கள்’ என்று ஸ்தேவான் இடித்துரைத்தது (அப்போஸ்தலர் 7:51) எல்லோருடைய வேதாகமத்திலும்தான் இருக்கிறது. ஒருவனை மனந்திருப்பவேண்டும் என்று கடவுளே தீர்மானித்துத் தரும் அருளையும் அவன் கடைசிவரை தள்ளிவிட முடியுமா என்பதே உண்மையான வழக்கு.

கத்தோலிக்கத் திருச்சபையின் விடை 1547இல், ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கத்தில் வந்தது. கடவுளால் தூண்டப்பட்ட மனித விருப்பம் உயிரற்ற பொருளைப்போல வெறுமனே கிடப்பதில்லை, விரும்பினால் அது இசைய மறுக்கவும் முடியும் என்று சங்கம் வரையறுத்தது. உள்ளத்தில் செயல்படும் அருளை யாரும் ஒருபோதும் எதிர்ப்பதில்லை என்று, ஜான்சேனியர் என்ற கத்தோலிக்கக் குழுவினர் சொன்ன கூற்றை 1653இல் திருத்தந்தை கண்டனம் செய்தார். ஆயினும் பலன் தவறாத அருள் எவ்வாறு மனிதச் சுதந்திரத்தோடு பொருந்துகிறது என்பதில் தொமினிக்கர், இயேசு சபையினர் என்ற இரு துறவற சபைகளுக்குள் மூண்ட விவாதத்தில் ரோமாபுரி எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல், ஒரு தரப்பு மற்றதன்மேல் குற்றம் சுமத்தக் கூடாது என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

கால்வினியரின் வாதம் இவற்றுள் கட்டுக்கோப்பானது. டச்சு இறையியலாளர் அர்மீனியுஸைப் பின்பற்றியோர் 1610இல், அருள் எதிர்க்க முடியாததல்ல என்று எழுதிக்கொடுத்ததற்கு மறுமொழியாகவே 1618–19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கால்வினியரின் சங்கம் கூடியது. கடவுள் தெரிந்துகொண்டவனை மனந்திருப்பும் அருள் தோற்பதில்லை என்பது அதன் முடிவு. பிதா இழுத்துக்கொள்ளாவிட்டால் ஒருவனும் வரமாட்டான் (யோவான் 6:44). லீதியாளின் இருதயத்தைத் திறந்தவர் கர்த்தரே (அப்போஸ்தலர் 16:14). ஆனால் கடவுள் மனிதரைக் கட்டையையும் கல்லையும் போல நடத்துவதில்லை, விருப்பத்தை வற்புறுத்தி முறிக்காமல் அதைக் குணமாக்கித் தம்பக்கம் திருப்புகிறார் என்றும் அச்சங்கம் சொன்னது. ‘கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற கடவுள்’ என்று கால்வினியரைக் கேலி செய்பவர்கள் இந்தப் பகுதியைப் படித்ததில்லை என்றே தோன்றுகிறது. ஆனாலும் எருசலேமின் பிள்ளைகளைச் சேர்க்க மனதாயிருந்தும் ‘உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று’ என்று இயேசு அங்கலாய்க்கும் இடத்தில் (மத்தேயு 23:37) இவர்கள் தரும் விளக்கம், வெளிப்படையான அழைப்பு வேறு, உள்ளத்தை மாற்றும் அழைப்பு வேறு என்பது. அது தர்க்கத்துக்குப் பொருந்தலாம். அந்த வசனத்தில் தொனிக்கும் ஏக்கத்துக்குப் பொருந்தவில்லை.

மெதடிஸ்டுகளும் பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபையினரும் அர்மீனியுஸின் பக்கமே. முந்திவரும் கிருபை எல்லோரையும் தொடுகிறது, ஏற்பதும் தள்ளுவதும் மனிதன் பொறுப்பு என்பது இவர்கள் நிலை.

லுத்தரன்கள் 1577இல் தங்கள் விசுவாசத்தை வரையறுத்து வகுத்த இசைவு அறிக்கையிலும் கல்லும் கட்டையும் வருகின்றன, ஆனால் தலைகீழாக. மனந்திரும்பாத மனிதன் கல்லைவிட மோசமானவன், ஏனெனில் கல் எதிர்ப்பதில்லை, இவன் எதிர்க்கிறான். விசுவாசம் வந்தால் அது முழுக்கக் கிருபை. வராவிட்டால் குற்றம் முழுக்க மனிதனுடையது. அப்படியானால் ஒருவனுக்கு வந்து இன்னொருவனுக்கு வராதது ஏன் என்று கேட்டால், அதை ஆராய்வது நம் வேலையல்ல என்று நிறுத்திக்கொள்கிறார்கள்.

இந்தச் சிக்கல் நம் மண்ணுக்குப் புதிதல்ல. கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்தில் வாழ்ந்த வேதாந்த தேசிகரை முன்னோராகக் கொள்ளும் வடகலை வைணவருக்கும் தென்கலை வைணவருக்கும் நடுவே, இறைவனைச் சேரும் உயிர், தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியா என்ற வாதம் உண்டு. ஆனால் இரண்டு குட்டிகளுமே தாயை உதறுவதில்லை. கிறிஸ்தவ வழக்கோ உதறுகிறவனைப் பற்றியது.

சபையைவிட்டு விலகிய மகனுக்காக ஜெபிக்கும் தாய், எந்தச் சபையானாலும், ‘ஆண்டவரே, அவன் மனதை மாற்றும்’ என்றே கேட்கிறாள். அவன் வீட்டுக்கு வந்தால், ‘மனதைக் கடினப்படுத்தாதேப்பா’ என்கிறாள். முதல் வாக்கியத்துக்குக் கால்வினியரிடமும் இரண்டாவதற்கு அர்மீனியரிடமும் தெளிவான விளக்கம் உண்டு. இரண்டையும் குறைக்காமல் வைத்துக்கொள்ள லுத்தரன்கள் தர்க்கத்தில் ஓர் ஓட்டையை ஏற்கிறார்கள். அந்த ஓட்டையோடுகூட அவர்கள் நிலைப்பாடே எனக்கு வேதாகமத்துக்கு நெருக்கமாகத் தெரிகிறது.