கழுத்தை மட்டும் அழுத்துவதா, முழு உறையையுமா?

துப்பாக்கியைச் சுட்டவுடன் தோட்டாவின் பித்தளை உறை, சேம்பரின் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) சுவரைத் தொடுமளவு விரிந்து, பிறகு சிறிது சுருங்குகிறது. அதில் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி நிரப்ப வேண்டுமானால், குண்டைப் பிடிக்கும் குறுகிய முன்பகுதியான கழுத்தையாவது அழுத்திச் சிறிதாக்க வேண்டும். இல்லையென்றால் குண்டு அதில் நிற்காது. கழுத்தோடு நிறுத்துவதா, தோளையும் (கழுத்துக்குக் கீழே உள்ள சரிவு) உடலையும் சேர்த்து அழுத்துவதா என்பதில்தான் கட்சி பிரிகிறது.

கழுத்துக் கட்சியின் வாதம் கேட்க நன்றாகவே இருக்கிறது. உறை இந்தத் துப்பாக்கியின் அளவுக்கே அமைந்துவிட்டது, அதை ஏன் கலைக்க வேண்டும்? உடலை அழுத்தாததால் பித்தளைக்கும் வேலை குறைவு, எண்ணெய் பூசும் தொல்லையும் குறைவு. இதை நம்பி நானும் பல காலம் கழுத்தை மட்டுமே அழுத்தி வந்தேன். முழு வெடியழுத்தம் தரும் தோட்டாக்களாக நான்கைந்து முறை சுட்ட பிறகு சிக்கல் தொடங்கியது. ஒரு தோட்டாவுக்கு போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும், கையால் இயக்கும் தண்டு) வழுக்கிக்கொண்டு மூடியது. அடுத்ததற்குக் கைப்பிடி கடைசி கால்வாசியில் பிடித்தது. உள்ளங்கையால் அழுத்தியதும் மணல் மூட்டையின் மேல் துப்பாக்கி அசைந்தது, குறி விலகியது. அந்த உறைகளை எப்படியும் முழு டையில், அதாவது உறை முழுவதையும் அழுத்தும் அச்சில், போட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

உறை இறுக்கமாகப் பொருந்துவது துல்லியம் ஆகாது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிப் பொருந்துவதுதான் துல்லியம்.

முழு டைக்குக் கெட்ட பெயர் வந்தது அதைப் பொருத்தும் விதத்தால். உறையின் அடியைப் பிடித்திருக்கும் உறைப்பிடியைத் தொடும்வரை டையை இறக்கி, மேலும் கொஞ்சம் திருப்பு என்பது வழக்கமான அறிவுரை. அப்படிச் செய்தால் பல சேம்பர்களில் தோள் அளவுக்கு மேல் பின்னால் போய்விடும். அடுத்த வெடிப்பில் உறை நீளும், அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலியும், சில சுற்றில் அங்கேயே அறுந்துபோகும். வெளியே பளபளக்கும் வளையம் தெரிந்தாலோ, நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுக்கும்போது பள்ளத்தில் தட்டினாலோ அந்த உறையைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

தோளை அளந்து தள்ளினால் இந்தத் தொல்லை இல்லை. சுட்ட உறையின் அடியிலிருந்து தோள்வரையான நீளத்தை முதலில் அளந்து, போல்ட் துப்பாக்கிக்கு 0.001 முதல் 0.002 அங்குலம் மட்டும் பின்னால் தள்ளினால் போதும். வழக்கமான டையின் மரை அங்குலத்துக்கு 14. அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு 0.071 அங்குலம். ஆகவே 0.001 என்பது வெறும் 5 டிகிரி, கண்ணுக்கே அரிதாகத் தெரியும் அசைவு! போல்ட்டிலிருந்து சுடும் ஊசியையும் உறை தள்ளியையும் கழற்றிவிட்டு மூடிப் பாருங்கள்: கைப்பிடி தன் எடையிலேயே இறங்க வேண்டும். எண்ணெயை மட்டும் மறந்துவிடாதீர்கள்; பூசாத உறை டைக்குள் சிக்கிக்கொள்ளும்.

அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் தானியங்கி, லீவர் துப்பாக்கிகளுக்கு விவாதமே கிடையாது: முழு டைதான். தானியங்கிக்குத் தோள் 0.003 முதல் 0.005 அங்குலம் வரை பின்னால் போகலாம்.

கழுத்தைப் பொறுத்தவரை, கழுத்தை விரிக்கும் உருண்டையை உள்ளிருந்து இழுக்கும் சாதாரண டை கழுத்தைக் கோணலாக்கிவிடக்கூடும். புஷிங் (கழுத்தின் அளவைத் தீர்மானிக்கும் வளையம்) மாற்றும் முழு டையே என் தேர்வு. குண்டு வைத்த தோட்டாவின் கழுத்து 0.336 அங்குலம் என்றால் 0.334 புஷிங் போடுகிறேன். வெடியழுத்தம் குறைந்த தோட்டாக்களை ஒரே போல்ட் துப்பாக்கியில் சுடுபவருக்குக் கழுத்து டை இன்றும் போதும். அவர் மாற வேண்டியதில்லை, போல்ட் பிடிக்கத் தொடங்கும்வரை.