1/48 அளவு ஸ்பிட்ஃபயர் மாதிரித் தொகுப்பு: கட்டி முடித்தபின் ஒரு மதிப்பீடு

1936ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் அழகே அதன் நீள்வட்ட இறக்கையில்தான் இருக்கிறது என்பதால், பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் எடுத்துப் பார்த்தது அதைத்தான். அசல் விமானத்தின் 11.23 மீட்டர் இறக்கை அகலம் இந்த அளவில் ஏறத்தாழ 23.4 சென்டிமீட்டர் ஆகிறது. அளவுகோலில் அப்படியே வந்தது. தகடுகள் சேரும் கோடுகளும் மயிரிழை போல மெல்லியதாகப் பதிந்திருக்கின்றன.

குறை, இறக்கை உடற்பகுதியோடு சேரும் இடத்தில் இருக்கிறது. பசையிடாமல் பொருத்திப் பார்த்தபோதே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. இடைவெளியை நிரப்பும் புட்டிக் கலவையை (putty) வைத்து, நன்றாகக் காய்ந்தபின் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். அதில் அழிந்துபோன கோடுகளை ஊசிமுனையால் மீண்டும் கீறுவதற்கே ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று. ஆகவே முதன்முறையாகக் கட்டுபவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விமானி அறை நன்றாக அமைந்துள்ளது. ஒட்டுப்படங்கள் சற்றுத் தடிமனானவை என்றாலும், பளபளப்பு வார்னிஷ் அடித்த பரப்பில் ஒட்டி, மென்மையாக்கும் திரவத்தை இருமுறை தடவியதும், வண்ணம் தீட்டியது போலவே கோடுகளுக்குள் படிந்துவிட்டன. கடைசியாக, நீர்த்த அடர்பழுப்பு எண்ணெய் வண்ணத்தைக் கோடுகளில் ஓடவிட்டுத் துடைத்தபோது, நான் கையால் கீறியவை எவை, அச்சில் வந்தவை எவை என்று எனக்கே பிரித்தறிய முடியவில்லை.