அலிவாலா, புரோட்டியாவா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே, குவாசுலு-நட்டால் கரையில், சுறா பார்க்க முக்குளிப்பவர்கள் தேடிவரும் பாறைத்திட்டுகள் இரண்டு. உம்கோமாஸ் ஊருக்கு எதிரே ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் அலிவால் ஷோல். இன்னும் தெற்கே, ஷெல்லி பீச்சிலிருந்து 7, 8 கிலோமீட்டர் தள்ளி புரோட்டியா பேங்க்ஸ். இரண்டுமே பழைய மணல்மேடுகள் இறுகிப் பாறையானவை. இரண்டுக்கும் ரப்பர் படகில் கரையலையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒற்றுமை அத்தோடு சரி.

அலிவாலில் தவறு செய்ய இடமிருக்கிறது. திட்டின் உச்சி ஆழமற்றது. உருளையில் காற்று குறைந்தால் பாறையை ஒட்டியே மேலே வரலாம். குளிர்காலத்தில் கதீட்ரல் குகையில் ராகி சுறாக்கள் பல்லை நீட்டிக்கொண்டு சோம்பலாகச் சுற்றும். பக்கத்திலேயே 1974-இல் மூழ்கிய 'புரொடியூஸ்' கப்பலும் கிடக்கிறது.

புரோட்டியாவில் பாறையின் தலையே ஏறத்தாழ 27 மீட்டர் ஆழத்தில்தான் தொடங்குகிறது. ஓட்டுநர் நீரோட்டத்துக்கு மேற்புறமாகப் படகை நிறுத்தி மூன்று எண்ணுவார். மிதவைச் சட்டையில் துளி காற்றில்லாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் பின்பக்கமாகச் சரிந்து, தலைகீழாக இறங்க வேண்டும். முகமூடியைச் சரிசெய்ய மேலே அரை நிமிடம் நின்றால், அகுல்ஹாஸ் நீரோட்டம் திட்டைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். அன்றைய முக்குளிப்பு வெறும் நீலத்தோடு முடியும். காது அடைத்துக்கொள்கிறவர்கள் இங்கே வரவே வேண்டாம்.

அடியில் நேரமும் குறைவு. பொழுதுபோக்கு முக்குளிப்பு அட்டவணை ஒன்றின்படி, சாதாரணக் காற்றில் 30 மீட்டரில் 20 நிமிடம். 40 மீட்டரில் 9 நிமிடம்தான். நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்று, 32 விழுக்காடு ஆக்சிஜனோடு எடுத்தால் நேரத்தைக் கூட்டும், ஆனால் ஆக்சிஜன் அழுத்தத்துக்கான 1.4 பார் வரம்பு 33 மீட்டரிலேயே வந்துவிடுகிறது. விளிம்பில் ஜாம்பெசி சுறா தெரிந்ததென்று கூடவே இறங்கினால் ஆக்சிஜன் நஞ்சாகலாம். 40 மீட்டர் வரை போகும் எண்ணமிருந்தால் 28 விழுக்காடு கேட்டு வாங்குங்கள்.

ஏறும்போது பிடிக்கப் பாறையும் இல்லை, கயிறும் இல்லை. ஆழமும் நேரமும் காட்டும் முக்குளிப்புக் கணினியைப் பார்த்தபடி நடுநீரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். வழிகாட்டியின் மிதவையைப் பின்தொடர்ந்து படகு வரும்.

என் ஓட்டு புரோட்டியாவுக்குத்தான். ஆனால் ஓராண்டாகத் தண்ணீரில் இறங்காதவர் முதல் இரண்டு நாளை அலிவாலில் கழிக்கட்டும். சான்றிதழில் 'அனுபவசாலி' என்று அச்சிட்டிருப்பது நீரோட்டத்துக்குத் தெரியாது. கரையேறியதும் இரண்டு ஊரிலும் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றிய பன்னி சௌ கிடைக்கும். அதில் மட்டும் எனக்குப் பேதமில்லை.