தாயின் தட்டும் பிள்ளையின் எடையும்: எந்த நாட்டின் பாடம் நமக்கு?

இலங்கையின் கிழக்கே களுவாஞ்சிகுடியில் எங்கள் அம்மம்மா கடைசியாகத்தான் சாப்பிடுவா. எல்லாரும் எழும்பிய பிறகு சட்டியில் மிஞ்சிய சோறும் சொதியும்தான் அவவின் பங்கு. வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் அப்படித்தானாம். தாய் அரைவயிறு உண்டால் பிள்ளை மெலியும் என்றுதான் நினைப்போம். நெதர்லாந்தில் நடந்தது வேறு.

1944-45 குளிர்காலத்தில் அங்கே கடும் பஞ்சம். அப்போது கருவிலிருந்த ஆண்பிள்ளைகள் 19 வயதில் இராணுவப் பரிசோதனைக்கு வந்தார்கள். சுமார் 3 இலட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தபோது, தாய் கர்ப்பத்தின் முற்பாதியில் பட்டினி கிடந்திருந்தால் மகனுக்குப் பருமன் கூடுதலாக இருந்தது. கடைசி மாதங்களில் கிடந்திருந்தால் குறைவு. கருவிலேயே பற்றாக்குறைக்குப் பழகிய உடல் பின்னால் கிடைப்பதையெல்லாம் சேமிக்கிறது என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் பிரச்சினை பட்டினியல்ல, உணவின் மிகுதி. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிள்ளை வளர்க்கும் காலத்தில் ஆலையில் செய்த பொதி உணவை மிக அதிகம் உண்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களின் பிள்ளைகளைவிட எடை கூடும் வாய்ப்பு 26 சதவீதம் அதிகம்.

எங்களிடம் இரண்டும் உண்டு. 1990இல் அகதி முகாமில் கஞ்சி குடித்த கர்ப்பிணிகளின் பிள்ளைகள் இன்று தாய்மார்; அவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் சோடாவும் எண்ணெயில் பொரித்த ரோல்ஸும் வாங்குகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை.

சரி, என்ன செய்யலாம்? சிலி 2016இல் சீனி, உப்பு, கொழுப்பு கூடிய பொதிகளில் கறுப்பு முத்திரை குத்தியது. நம் நாட்டிலும் அதே ஆண்டு சோடாப் போத்தலுக்கு நிற அடையாளம் வந்தது. நல்லதுதான். ஆனால் கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் ரோல்ஸுக்கு எங்கே முத்திரை குத்துவது? ஜப்பான் பாதை நமக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். 1954இலேயே பள்ளி மதிய உணவுக்குச் சட்டம், 2005இல் உணவுக் கல்விக்கு இன்னொன்று. அங்கே பாரம் தாயின் தலையில் மட்டும் இல்லை.

அதற்கு முந்திய வேலை வீட்டில் இருக்கிறது. அம்மாவுக்கு கிளினிக்கில் கொடுத்த திரிபோஷ சத்துமாவை, சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்து நாங்களே தின்று முடித்தோம். முருங்கையிலைச் சுண்டலும் வாவி மீனும் மருந்துச் சாமான் அரைத்த சரக்குக் கறியும் பிள்ளை பிறந்த பிறகுதான் தாய்க்கு வந்தன, அதுவும் சில வாரங்களுக்கு.

தங்கைக்கு இப்போது நான்காம் மாதம். மீன்குழம்பு இறக்கியதும் முதல் தட்டு அவளுக்குத்தான் போகிறது.