டாக்குமென்டேஷனுக்கு எந்தக் குட்டி சர்வர்? பைத்தான், பிஸிபாக்ஸ், டார்க்ஹெச்டிடிபிடி, கேடி

டாக்குமென்டேஷன் தயாரிக்கும் கருவிகளான ஸ்ஃபிங்க்ஸோ எம்கேடாக்ஸோ ஓடி முடித்ததும் கையில் கிடைப்பது ஒரு ஃபோல்டர் நிறைய ஹெச்டிஎம்எல் கோப்புகள்தான். டேட்டாபேஸ் கிடையாது, லாகின் கிடையாது, சர்வர் பக்கம் ஓட வேண்டிய கோட் எதுவும் கிடையாது. இதற்குப் போய் அப்பாச்சி என்ற பெரிய வெப் சர்வரை நிறுவி, அதில் தளத்துக்கான கான்ஃபிக்கை (விர்ச்சுவல் ஹோஸ்ட்) எழுதிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள், ஒரு அவசரத்துக்கு ஓட்டிய பைத்தான் சர்வரையே மாதக்கணக்கில் டீம் முழுவதும் நம்பியிருக்கும் இடங்களும் இருக்கின்றன. வேகத்தை ஒப்பிட்டு இதைத் தீர்மானிக்க முடியாது, ஏனென்றால் பத்துப் பேர் படிக்கும் மேனுவலுக்கு இவற்றில் எதுவுமே வேகம்தான். படிக்கப்போவது யார், நீங்கள் மட்டுமா, ஆபீஸ் நெட்வொர்க்கில் உள்ளவர்களா, வெளியில் இருப்பவர்களா? அதைப் பொறுத்துத்தான் பதில் மாறும்.

சர்வரே எதற்கு, இன்டெக்ஸ் கோப்பை டபுள் கிளிக் செய்தால் திறக்காதா என்று கேட்கலாம். ஸ்ஃபிங்க்ஸ் என்றால் பெரும்பாலும் அதுவே போதும். அதன் தேடல் பட்டியல் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு, ஸ்கிரிப்ட் டேக் வழியாகவே ஏறிவிடும், தேடலும் நடக்கும். எம்கேடாக்ஸ் அப்படியில்லை. அதன் லிங்குகள் இயல்பாக ஃபோல்டர் பெயரிலேயே முடிகின்றன. உள்ளே இருக்கிற இன்டெக்ஸை எடுத்துத் தர ஒரு சர்வர் இல்லாவிட்டால் பிரவுசர் வெறும் கோப்புப் பட்டியலைக் காட்டிவிட்டு நின்றுவிடும். தேடல் பெட்டியும் வேலை செய்யாது. அது ஒரு ஜேசன் கோப்பைத் தனியாக எடுத்துவர வேண்டும், டிஸ்கிலிருந்து நேரடியாகத் திறந்த பக்கம் பக்கத்துக் கோப்பைப் படிப்பதை குரோம் வெகுகாலமாகத் தடுக்கிறது, ஃபயர்ஃபாக்ஸும் 2019-இல் வந்த 68-ஆம் பதிப்பிலிருந்து தடுக்கிறது. ஆக, ஏதோ ஒரு சர்வர் வேண்டும்.

உங்களுக்கு மட்டும் என்றால் பைத்தானோடு வரும் ஹெச்டிடிபி சர்வரை விட்டு வேறு எங்கும் போக வேண்டாம். புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, ஒரே வரி கமாண்ட், 8000-ஆம் போர்ட். 3.7 பதிப்பில் இது நிறையவே தேறியது: எந்த டைரக்டரியைக் காட்ட வேண்டும் என்று ஆப்ஷனிலேயே சொல்லலாம், கோரிக்கைகளைத் தனித்தனி த்ரெட்டில் கவனிக்கிறது, மாறாத கோப்பை மறுபடி அனுப்பாமல் 304 சொல்லி முடித்துக்கொள்கிறது. ஆனால் முகவரி எதுவும் கொடுக்காமல் ஓட்டினால் மெஷினின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் திறந்துகொள்ளும். பொது வைஃபையில் உட்கார்ந்து ஹோம் டைரக்டரியிலிருந்து இதை ஓட்டினால், புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புகள் உட்பட அத்தனையும் பட்டியலாகத் தெரியும், எஸ்எஸ்ஹெச் சாவி இருக்கும் ஃபோல்டரும் அதில் ஒன்று. பைண்ட் ஆப்ஷனில் 127.0.0.1 என்று கொடுப்பதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், ஒரு ஷெல் ஏலியஸாகவே எழுதி வைத்துவிடுங்கள். அப்புறம், ப்ரொடக்‌ஷனுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று பைத்தானின் சொந்த ஆவணமே எச்சரிக்கிறது. கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் ரேஞ்ச் கோரிக்கையும் இதற்குத் தெரியாது, அதனால் 2,000 பக்க பிடிஎஃப் மேனுவலில் நடுப்பக்கம் ஒன்று வேண்டுமென்றாலும் முழுக் கோப்பும் இறங்கியாக வேண்டும்.

பல லினக்ஸ் கமாண்டுகளை ஒரே பைனரியில் அடக்கியது பிஸிபாக்ஸ்; அதிலுள்ள ஹெச்டிடிபிடி என்ற வெப் சர்வர் இதைவிடச் சின்னது. கன்டெய்னர் இமேஜுக்குள் டாக்குமென்டேஷனை வைத்து அனுப்பும் வேலைக்கு எனக்குப் பிடித்தது இதுதான், இமேஜ் சில எம்பியில் முடிந்துவிடும். இமேஜ் ஆல்பைன் லினக்ஸில் கட்டியது என்றால் இது பிஸிபாக்ஸ்-எக்ஸ்ட்ராஸ் என்ற தனிப் பேக்கேஜில் இருக்கிறது. ஃபோர்கிரவுண்ட் ஆப்ஷன் கொடுக்காவிட்டால் பின்னணிக்குப் போய்விடும், கன்டெய்னரும் உடனே மூடிக்கொள்ளும். டைரக்டரி லிஸ்டிங் இதில் இல்லை. இன்டெக்ஸ் கோப்பு இல்லாத ஃபோல்டரைக் கேட்டால் 404 தான். கோப்பு வகைகளின் பட்டியலும் குட்டியானது, அதில் இல்லாத எக்ஸ்டென்ஷன்களை கான்ஃபிக் கோப்பில் நாம்தான் சேர்க்க வேண்டும்.

ஆபீஸ் நெட்வொர்க்கில் பலர் படிப்பதற்கு என் ஓட்டு டார்க்ஹெச்டிடிபிடிக்கு. மொத்த சர்வரும் ஒரே ஒரு சி கோப்பு, கம்பைல் செய்ய சில நொடி ஆகும். த்ரெட் எதுவும் இல்லாமல் ஒரே ப்ராசஸில் எல்லா இணைப்புகளையும் கவனிக்கிறது. ரேஞ்ச் உண்டு, லிஸ்டிங் உண்டு, வேண்டாம் என்றால் லிஸ்டிங்கை அணைக்கலாம். சிஜிஐ, அதாவது சர்வர் பக்கம் ப்ரோகிராம்களை ஓட்டிப் பக்கம் தரும் வசதி, கிடையாது, இந்த வேலைக்கு அது இல்லாததே நல்லது. முக்கியமாக, முழு அதிகாரமுள்ள ரூட் யூசராகத் தொடங்கி, க்ரூட்டுக்குள் (ஒரு ஃபோல்டருக்கு வெளியே எதுவும் தெரியாதபடி ப்ராசஸை அடைக்கும் வசதி) போய், சாதாரண யூசராக இறங்கிவிட மூன்று ஆப்ஷன்கள் போதும். பைத்தான் சர்வரில் இதைச் செய்ய வெளியிலிருந்து வேறு ஏற்பாடு தேவைப்படும்.

அந்த க்ரூட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது, டெபியன் லினக்ஸ்காரர்கள் கவனிக்க வேண்டியது. டெபியனில் டாக் பேக்கேஜ்கள் எல்லாம் /யூஎஸ்ஆர்/ஷேர்/டாக் என்ற இடத்தில் குவிகின்றன. அங்கேயே க்ரூட் வைத்தால் ஸ்ஃபிங்க்ஸில் உருவான மேனுவல்கள் திறக்கும், எழுத்தும் படமும் சரியாக வரும், ஆனால் தேடல் பல சமயம் ஓடாது. ஸ்டாட்டிக் ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தால் விஷயம் தெரியும்: ஜேக்வெரி, டாக்டூல்ஸ் போன்ற ஸ்கிரிப்டுகள் அங்கே கோப்பாக இல்லாமல் வெறும் சிம்லிங்க்காக (வேறு இடத்தில் உள்ள கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) இருக்கும், மூன்று நான்கு படி மேலே ஏறி /யூஎஸ்ஆர்/ஷேர்/ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் போகும். ஒரே ஸ்கிரிப்டைப் பத்துப் பேக்கேஜில் நகலெடுக்கக் கூடாது என்பதற்காக டெபியன் செய்த ஏற்பாடு இது. க்ரூட்டுக்கு வெளியே போகும் லிங்க் அறுந்துவிடும். க்ரூட்டை ஒரு படி மேலே, /யூஎஸ்ஆர்/ஷேர் மட்டத்தில் வைத்தால் அந்த லிங்குகள் மறுபடி உயிர் பெறும். அவை முழுப் பாதையைச் சொல்லாமல், தான் இருக்கும் இடத்திலிருந்து வழி சொல்லும் ரிலேட்டிவ் லிங்குகளாக இருப்பதால்தான் இது நடக்கிறது. சேஞ்ச்லாக் போன்ற டெக்ஸ்ட் கோப்புகள் ஜிஜிப் செய்யப்பட்டிருக்கும், இந்தக் குட்டி சர்வர்கள் அவற்றை டவுன்லோடாகத்தான் தரும். அவற்றையும் கமாண்டுகளின் கையேடான மேன் பக்கங்களையும் பிரவுசரிலேயே விரித்துப் படிக்க வேண்டுமென்றால் டெபியனுக்கென்றே டிடபிள்யூடபிள்யூடபிள்யூ என்ற பேக்கேஜ் இருக்கிறது, ஆனால் அதற்கு சிஜிஐ தெரிந்த சர்வர் வேண்டும்.

டார்க்ஹெச்டிடிபிடியில் ஹெச்டிடிபிஎஸ் இல்லை. பாஸ்வேர்ட் கேட்கும் வசதி உண்டு, ஆனால் அது மறைக்கப்படாமலேயே கம்பியில் போகும். அதனால் வெளியுலகம் என்று வந்துவிட்டால் கேடிக்கு மாறிவிடுங்கள். கோ மொழியில் எழுதப்பட்ட ஒற்றை பைனரி. குட்டி என்று இதைச் சொல்ல முடியாது, அளவு சில பத்து எம்பி வரும், ஆனால் ஃபைல்-சர்வர் கமாண்டில் டொமைனைக் கொடுத்தால் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய சான்றிதழை வாங்குவதும் புதுப்பிப்பதும் அதன் பாடு. இதையே ஆபீஸுக்குள் லோக்கல் பெயரில் ஓட்டினால் கேடி தன் சொந்தச் சான்றிதழ் அமைப்பைப் பயன்படுத்தும்; அதன் ரூட் சான்றிதழை ஒவ்வொருவர் மெஷினிலும் ஏற்றாவிட்டால் பிரவுசர் எச்சரித்துக்கொண்டே இருக்கும். உள்ளே டார்க்ஹெச்டிடிபிடி, வெளியே கேடி என்று நான் பிரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் ஏற்கெனவே ஓடும் மெஷின் என்றால் இதெல்லாம் தேவையில்லை, அதன் கான்ஃபிக்கில் ஒரு லொகேஷன் பிளாக் சேர்த்தால் போதும். கூடவே சார்செட் யூடிஎஃப்-8 என்ற ஒரு வரியையும் போட்டுவிடுங்கள். தமிழில் எழுதிய ரீட்மீ டெக்ஸ்ட் கோப்பை சார்செட் (எழுத்துகள் எந்த முறையில் பதியப்பட்டுள்ளன என்ற தகவல்) சொல்லாமல் அனுப்பினால் பிரவுசர் ஊகித்துத்தான் திறக்க வேண்டும், தவறாக ஊகித்தால் வரி முழுவதும் à® à® என்று கொட்டும். பைத்தான் சர்வரும் பிஸிபாக்ஸும் இந்தத் தகவலை அனுப்புவதில்லை, கேடி தானாகவே அனுப்புகிறது. ஹெச்டிஎம்எல் பக்கத்தில் மெட்டா டேக் இருப்பதால் இது தெரியாமல் போய்விடும். எந்த சர்வரைப் போட்டாலும் ஒரு தமிழ் டெக்ஸ்ட் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு லிங்க் கொடுங்கள்.